மோட்டார் வண்டியின் முறைச்சுரம்

நோய்களுள் இருவகை உண்டு. வந்தபடியே நின்று வருத்துவது ஒன்று. வருவதும் போவதுமாய் அலைக்கழிப்பது மற்றொன்று. முன்னையது கொடியதாயினும் மருத்துவர் கண்ணுக்குத் தப்பாது. பின்னையதோ, நோயாளி மருத்துவர் வாயிலை அடையும்போது மறைந்து, வீடு திரும்பியதும் மீண்டும் தலைகாட்டும். மலேரியா நாட்டைவிட்டு அகலாதிருந்த காலத்து முதியோர், ஒருநாள் விட்டு ஒருநாள் நடுக்கும் முறைச்சுரத்தை நன்கு அறிவர். அக்காலத்து மருத்துவர், “காய்ச்சல் உண்டா?” என்று கேட்பதோடு அமையாமல், “எப்பொழுது வந்தது? எப்பொழுது விட்டது?” என்றும் கேட்டனர். 2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்துவிட்டது. எனினும், அம்மருத்துவரின் கேள்வி இன்றும் பயன் தருவதே. இன்று அதனைக் கேட்க வேண்டிய இடம் மோட்டார் வண்டி திருத்தும் கராச்சு ஆகும்.

தலைமன்னாரில் வாடகைக்கு வண்டி ஓட்டும் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அவருடைய வண்டி 25 ஆண்டு கடந்த யப்பானிய வண்டி. நள்ளிரவில் பிரசவ வேதனையுற்ற பெண்ணையும், மூச்சு முட்டும் முதியவரையும் மன்னார் வைத்தியசாலைக்குக் கொண்டு சேர்ப்பது அவ்வண்டியே. அது சில நாளாக ஓடும்போதே திடீரென நின்றுவிடுகின்றது. சிறிது நேரம் சென்றால் ஒன்றும் அறியாததுபோல் மீண்டும் இயங்குகின்றது. கராச்சுக்குக் கொண்டுபோனால் குற்றமேதும் தெரிவதில்லை. “பெற்றோல் பம்பாக இருக்கலாம்” என்றார் ஒருவர், பம்பு மாற்றப்பட்டது. “சென்சராக இருக்கலாம்” என்றார் மற்றொருவர், அதுவும் மாற்றப்பட்டது. இரண்டு மாத உழைப்பு செலவாயிற்று. மூன்றாவது வாரத்தில், நோயாளி ஒருவரை ஏற்றிச் செல்கையில், பேசாலைக்கு அப்பால் இருளில் வண்டி மீண்டும் நின்றது. அன்று அவர் இழந்தது பணம் மட்டுமன்று. ஊரார் அவ்வண்டிமேல் வைத்திருந்த நம்பிக்கையுமாகும்.

பழுதுற்ற வண்டியை விற்றுப் புதியது வாங்கலாமே எனின், அது எளிதன்று. சொந்த வண்டிகளின் இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அவ்விடைக்காலத்தில் பழைய வண்டியைப் பேணிக் காத்தவனே வண்டியுடையவன் ஆனான். இறக்குமதி திறந்த பின்னரும் புதிய வண்டியின் விலை எளியோர் கைக்கு எட்டுவதாயில்லை.

அன்றியும், மன்னார்த் தீவு மோட்டார் வண்டிக்கு ஒரு கடும் சோதனைக்களம். நாற்புறமும் கடல், நகரின் அருகே உப்பளம், சோளகக் காற்று வீசும் மாதங்களில் உப்புத்துகள் படியாத பொருளில்லை. தீவைத் தலைநிலத்தோடு இணைக்கும் தெருவோ ஏறத்தாழ 3 கிலோமீற்றர் நீளமான தாம்போதியின்மேற் செல்வது. உப்பு ஈரத்தை ஈர்க்கும் இயல்பினது. ஈரமும் உப்பும் கூடிய இடத்திற் செம்பு களிம்பேறும். செம்பிற் களிம்பு தமிழருக்குப் புதிய செய்தியன்று. ஆனால் அக்களிம்பு மின்னோட்டத்திற்குத் தடையாகும் என்பதே இங்கு கருதற்பாலது.

இனி, சென்சர் என வழங்கும் உணரியின் தொழிலை நோக்குவோம். முற்காலத்து இயந்திரங்களில் பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுத்தது காபறேற்றர். 1967 இல் செருமனியின் பொஷ் நிறுவனத்தார் ஆக்கிய மின்னணு முறை வொக்ஸ்வாகன் 1600 வண்டியிற் பொருத்தப்பட்டது. அதன்பின், இயந்திரத்திற்கு எவ்வளவு பெற்றோல் வேண்டும் என்பதை ஒரு சிறு கணினிப் பெட்டி தீர்மானிக்கும் முறை படிப்படியே பரவலாயிற்று. அப்பெட்டிக்குக் கண்ணும் காதும் தோலும் உணரிகளே. நீரின் வெப்பத்தை ஒன்று அறிவிக்கும். உட்செல்லும் காற்றை ஒன்று அறிவிக்கும். கிராங் தண்டு சுழலும் நிலையை மற்றொன்று அறிவிக்கும். செய்தியைக் கொண்டுசெல்வன மெல்லிய கம்பிகளும் அவற்றின் இணைப்புகளுமாம். தூதன் வழியில் தடைப்பட்டால், செய்தி அனுப்பியவனைத் தண்டிப்பதில் நீதியில்லை.

வெப்ப உணரியையே பார்க்கலாம். பல யப்பானிய வண்டிகளில் அதன் மின்தடை 20 பாகை செல்சியசில் 2000 முதல் 3000 ஓம் வரையும், 80 பாகையில் 200 முதல் 400 ஓம் வரையும் இருக்கும். சூடு ஏற ஏறத் தடை குறையும். இயந்திரம் நன்கு சூடாகி உணரி 300 ஓம் காட்டும் வேளையில், களிம்பேறிய இணைப்பு தன் பங்காக 2200 ஓம் கூட்டிவிட்டது என்க. கணினிக்குத் தெரிவது 2500 ஓம். “இயந்திரம் இன்னும் குளிர்ந்தே இருக்கின்றது” என்று அது மயங்கி, பெற்றோலை மிகுதியாகப் பாய்ச்சும். கரும்புகை எழும், இயந்திரம் திணறும். தெரு அதிர்ச்சியில் இணைப்புச் சற்றே அசைந்து சரியாகிவிட்டால் எல்லாம் நலமாகும். உணரியில் ஒரு குற்றமும் இல்லை.

உணரியே குற்றமுடையதாதலும் உண்டு. கிராங் உணரிகள் சிலவற்றினுள்ளே மெல்லிய கம்பிச்சுருள் உளது. அது முதுமையாற் பிளவுபட்டால், சூட்டில் விரிந்து தொடர்பறும். ஆறினால் மீண்டும் கூடும். இயந்திரம் சூடேறியபின் நின்று, அரைமணி நேரம் ஆறியபின் இயங்குவது இதன் அடையாளம். ஆகவே, இவ்விரு குற்றங்களையும் பிரித்தறிவது காலக்குறிப்பே. சூட்டில் வருகின்றதா, ஈரத்தில் வருகின்றதா, குழியில் விழுந்தபோது வருகின்றதா என்பதை அறியாமல் மருந்து கொடுத்தல் இருட்டில் அம்பெய்தலாம்.

முதற் கடமை, வண்டியிலே ஒரு சிறு குறிப்பேடு வைத்தல். வண்டி நின்ற நாள், நேரம், ஓடிய தூரம், வெயிலா மழையா, முகப்பில் எஞ்சின் படம் பொறித்த மஞ்சள் விளக்கு எரிந்ததா என்பவற்றை உடனே எழுதுதல் வேண்டும்.

இரண்டாவது, கணினி நினைவில் வைத்துள்ள குற்ற எண்ணை வாசித்தல். புதிய முறை வண்டிகளுக்கு ஸ்கானர் உண்டு. 1990 களின் டொயோட்டா வண்டிகள் பலவற்றிலோ, சோதனைப் பெட்டியின் குறித்த இரு முனைகளைக் கைநூலிற் கண்டவாறு கம்பித் துண்டால் இணைத்தால், அம்மஞ்சள் விளக்கே மின்னி மின்னி எண்ணைச் சொல்லும். அவ்வண்டிகளில் பற்றரியைக் கழற்றினால் அந்நினைவு அழியும். ஆதலின் வாசித்த பின்பே கழற்ற வேண்டும். குற்ற எண் குறிப்பது ஒரு சுற்றையேயன்றி ஓர் உறுப்பையன்று என்பதும் மறக்கலாகாது. இரண்டு மூன்று உணரிகளின் எண்கள் ஒருங்கே தோன்றினால், அவை யாவும் ஒரேநாளில் இறந்தன என்பது பொருந்தாது. அவற்றிற்குப் பொதுவான கம்பியை ஐயுறுவதே முறை.

மூன்றாவது, நோயை வரவழைத்துப் பார்த்தல். இயந்திரம் நின்ற நிலையில் ஓடிக்கொண்டிருக்க, கம்பிக் கற்றையையும் இணைப்புகளையும் ஒவ்வொன்றாக மெல்ல அசைக்க வேண்டும். தானே சுழலத் தொடங்கும் விசிறியினின்றும் கையைக் காத்தல் அவசியம். அசைத்த இடத்தில் இயந்திரம் இடறுமாயின் குற்றம் அங்கே உளது. பின்னர் மீற்றரால் அளக்கலாம். இயந்திரம் ஓடுகையில், பற்றரியின் எதிர்முனைக்கும் இயந்திர உலோகத்திற்கும் இடையே 0.2 வோல்ற்றுக்கு மேற்படின், அவ்வழி களிம்பேறியது எனலாம். அளக்கும்போது கம்பியின் உறையை ஊசியாற் குத்துதல் தீது. அத்துளை வழியே உப்பீரம் புகுந்து, அடுத்த ஆண்டின் பழுதுக்கு விதையாகும். இயந்திர அறையை விசைநீராற் கழுவுதலும் அத்தகையதே.

மேற்சொன்ன வண்டியோட்டி ஒரு மாதம் குறிப்பெழுதினார். ஆறுமுறை வண்டி நின்றிருந்தது. அவற்றுள் ஐந்து பனியிறங்கும் பின்னிரவிலோ விடியலிலோ நிகழ்ந்தவை. நண்பகல் வெயிலில் ஒன்றேனும் இல்லை. எனவே சூட்டுக் குற்றம் விலக்கப்பட்டது. குற்ற எண்களும் மூன்று உணரிகளை ஒருங்கே காட்டின. அம்மூன்றுக்கும் பொதுவான மண்ணிணைப்புக் கம்பியைத் தேடிச் சென்றபோது, இயந்திரத்தின் பக்கத்திலே ஓர் ஆணியின் கீழ் அதன் செப்பு வளையம் பச்சைபூத்துக் கிடந்தது. அதனைக் கழற்றித் தேய்த்து, மினுக்கி, இறுக முடுக்கி, மேலே வசலீன் பூசினர். செலவு ஒரு தேநீரின் விலைதானும் ஆகவில்லை. முன்னர் கழற்றி எறிந்த பம்பும் உணரியும் நல்லனவாகவே இருந்தன.

கராச்சுத் தொழிலாளியும் வண்டியுடையவரும் பொறுமையோடு ஒத்துழைத்தாலன்றி இப்பணி கைகூடாது. வண்டியுடையவர் “இன்றே திருத்தித் தருக” என்று நெருக்கினால், தொழிலாளி ஊகத்தின்மேல் உறுப்பை மாற்றுவார். “இன்ன வேளையில், இன்னவாறு நின்றது” என்று எழுதிய தாளை நீட்டினால், அவர் சிந்திக்கத் தொடங்குவார். அத்தாள் ஒன்றே பல புதிய உறுப்புகளினும் மதிப்புடையது. பின்னிரவில் தலைமன்னாரிலிருந்து நோயாளியோடு புறப்படும் வண்டி வழியில் நில்லாது மன்னாரை அடைதல் வேண்டும். அதற்கான ஏற்பாடு, பகலில் அமைதியாக இருந்து எழுதும் அந்த நாலு வரியிலேயே தொடங்குகின்றது.