ஆலய விளக்குகளும் மின்சாரச் சிக்கனமும்

(திருவிழா ஆறாம் நாள் மாலை ஆலய மண்டபத்தில் நிகழ்த்திய உரை)



சமயச் சொற்பொழிவு நிகழும் மேடையில் மின்சாரம் பற்றிப் பேச வாய்ப்பளித்தமைக்கு நன்றி. மண்டபக் கூரையில் சூரிய ஒளித் தகடுகள் பொருத்த வேண்டுமெனச் சென்ற பொதுக் கூட்டத்தில் அன்பர் ஒருவர் முன்மொழிந்தார். நல்ல யோசனைதான். ஆயினும் அதற்கு முன்னர் நாம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு.

தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும் கிடைக்கின்றது. ஒரு காலத்தில் சிலாங்கூர் பத்து ஆராங்கில் நிலக்கரி வெட்டினோம்; அச்சுரங்கம் 1960-இல் மூடப்பட்டது. இன்று இந்தோனேசியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் கப்பல்களில் வரும் நிலக்கரியே மஞ்சோங், தஞ்சோங் பின் முதலிய நிலையங்களில் எரிகின்றது. இனிப் புதிய நிலக்கரி நிலையங்கள் கட்டுவதில்லை என 2021-இல் அரசாங்கம் அறிவித்தது. நல்ல முடிவு, ஆனால் இருக்கின்ற நிலையங்கள் இன்னும் பல்லாண்டுகள் ஓடும்.

சூரியத் தகடு மின்சாரம் தருவது பகலில். நம் ஆலயம் மின்சாரத்தை மிகுதியாகச் செலவிடுவதோ இரவில். கட்டணக் கணக்கில் பகலை இரவுக்கு ஈடு செய்யலாம். எனினும் இரவு ஒன்பது மணிக்குச் சுவாமி புறப்பாட்டின்போது நம் விளக்குகளுக்குப் பின்னால் எரிவது பெரும்பாலும் நிலக்கரியும் எரிவாயுவுமே. ஆகவே இரவுச் செலவைக் குறைப்பதே முதற்பணி.

ஒரு கணக்குப் பார்ப்போம். 500 வாட் ஹாலஜன் விளக்குகள் இருபது, இரவுக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் 50 யூனிட். பத்து நாள் திருவிழாவிற்கு 500 யூனிட். ஏறத்தாழ அதே வெளிச்சத்தை 100 வாட் எல்.இ.டி. விளக்குகள் தந்துவிடும், அப்போது 100 யூனிட் போதும். ஹாலஜன் விளக்கு உண்ணும் மின்சாரத்தில் பெரும்பங்கு வெப்பமாகவே போய்விடுகின்றது. அதன் கீழே நின்று நாதசுரம் வாசிப்பவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்!

விளக்கைக் குறைத்தால் உபயக்காரர்கள் மனம் வருந்துவர் என்று சிலர் கூறுகின்றனர். நேற்றைய உபயத்தைவிட இன்றைய உபயம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்னும் போட்டியை நானும் அறிவேன். ஒளியைக் குறைக்க நான் சொல்லவில்லை. அதே ஒளிக்குக் கொடுக்கும் விலையைக் குறைக்கச் சொல்கின்றேன். கருவறைத் தீபம் இந்தப் பேச்சில் சேராது. அது எண்ணெயிலேயே எரியட்டும்.

அடுத்தது குளிர்சாதனம். அரசு அலுவலகங்களில் 24 பாகைக்குக் கீழே இறக்கக் கூடாதென்று 2011-இல் பணிக்கப்பட்டது. நம் மண்டபத்திலோ திருமண நாள்களில் 18 பாகையில் வைத்துவிட்டு, கதவுகளையும் விரியத் திறந்து விடுகின்றோம். வெளியே வீதியைக் குளிர்விக்கும் பொறுப்பை நமக்கு யார் கொடுத்தார்கள்?

ஆற்றல் திறன் மற்றும் சிக்கனச் சட்டம் 2025 சனவரி முதல் நடப்பில் உள்ளது. அது பெருந்தொழிற்சாலைகளையும் பெருங்கட்டடங்களையுமே முதன்மையாகக் கட்டுப்படுத்துகின்றது. நம் ஆலயம் அந்த வரம்பின் அருகில்கூட வராது. எவரும் நம்மை வற்புறுத்தப் போவதில்லை.

சிக்கனம் செய்தபின் தகடுகளை வாங்கினால், சிறிய அளவே போதுமானதாக இருக்கும். பக்தர்களின் காணிக்கைப் பணமும் மிஞ்சும். அடுத்த பொதுக் கூட்டத்திற்குப் பன்னிரண்டு மாத மின்கட்டணச் சீட்டுகளைக் கொண்டுவருமாறு பொருளாளரைக் கேட்டுக்கொள்கின்றேன். அவற்றைப் பார்த்துக் கணக்கிட்டுத் தர நான் உடன் அமர்வேன்.