எறிபவரைக் காப்பது எவ்வாறு?
(சங்க இளைஞர் மன்றத்தில் ஆற்றிய உரை)

வரும் ஞாயிறன்று களம் புகவிருக்கும் தம்பிகளே!

நாம் ரயில்வேயில் எழுத்தராகப் பணியாற்றுகிறோம். பள்ளியிறுதி வகுப்போடு நின்றவர்கள். இளமையில் கூடைப்பந்து ஆடிய பழக்கம் ஒன்றை நம்பியே நம் இளைஞர்களைப் பயிற்றும் பொறுப்பை எம்மிடம் அளித்தீர்கள்.

சென்ற ஆண்டு ஒரு கல்லூரி அணியிடம் தோற்றோம். பழி ஒரு தம்பியின் தலையில் விழுந்தது. அவன் காக்க வேண்டிய எதிரி தொலைவிலிருந்து எறிந்து எறிந்து புள்ளிகளைக் குவித்தான் என்பது மெய்யே. ஆயினும், "பந்து எங்கேயோ அங்கே ஓடுங்கள்" என்று பணித்தவர் யார்? நாமே. சொன்ன சொல்லைத் தட்டாமல் அவன் ஓடினான். எதிரி தனித்து நின்றான். குற்றம் எமது. இந்த அவையிலேயே அதை ஒப்புக்கொள்கிறோம்.

சிறு கணக்கு ஒன்று பாருங்கள். கூடையிலிருந்து 6.75 மீட்டர் தொலைவில் வளைந்து செல்லும் கோட்டுக்கு அப்பாலிருந்து இட்டால் 3 புள்ளி. உள்ளிருந்து இட்டால் 2. உள்ளிருந்து பத்து எறிந்து ஐந்தை இட்டவனுக்கு 10 புள்ளி. வெளியிலிருந்து பத்து எறிந்து நான்கையே இட்டவனுக்கு 12! ஆதலால், குறி தவறாதவனைக் கோட்டுக்கு வெளியே நிம்மதியாக நிற்க விடலாகாது.

அவனுக்கு எதிரே யாரை நிறுத்துவது? நெட்டையனை அன்று, கால் விரைந்தவனை. உயரம் இல்லையே என்று கலங்க வேண்டா. 2019 செப்டம்பரில் நம் பெங்களூர் ஸ்ரீ கண்டீரவா உள்ளரங்கில் மகளிர் ஆசியக் கோப்பை இறுதியாட்டம் நடந்தது. உயரத்தில் மிக்க சீனரை 71–68 என்று வென்று, தொடர்ந்து நான்காம் முறையாகக் கோப்பையை ஏந்தியவர்கள் ஜப்பானிய மங்கையர். விரைந்த கால்களும் ஒத்த மனமும் உயரத்தை ஈடு செய்யும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

காவலன் எதிரியை நோக்கி விரைந்து ஓடுக, நெருங்கியதும் அடியைச் சுருக்கிக் கையை உயர்த்துக, துள்ளாதே. துள்ளினால் அவன் பக்கவாட்டில் நழுவிவிடுவான். கூடையடியில் உதவி தேவைப்படின், குறி பலவீனமானவனைக் காப்பவனே செல்க. வல்லவனைக் காப்பவன் இடம் பெயரலாகாது.

எதிரணியான் ஒருவன் குறுக்கே நின்று நம் காவலனை மறிப்பான், 'ஸ்கிரீன்' என்பார்கள். அப்போது ஆள் மாற்றிக் கொள்வதாயின் வாய் திறந்து சொல்லுங்கள். அடுத்த நிலையத்தின் ஒப்புதல் இன்றி எந்த நிலையமும் வண்டியை அனுப்பாது. அதுபோல, "ஏற்றேன்" என்று தோழன் குரல் கொடுக்கும் வரை உன் ஆளை விடாதே. எறிந்த பந்து தவறினாலும் காவல் முடியவில்லை. தொலைவிலிருந்து எறிந்த பந்து தொலைவிலேயே தெறிக்கும். அதைக் கைப்பற்றிய பின்னரே மூச்சு விடுங்கள்.

இறுதியாக ஒன்று. ஞாயிறன்றும் அதே எதிரியைக் காக்கும் பொறுப்பை அதே தம்பியிடமே ஒப்படைக்கிறோம். நம்மில் அவனினும் விரைந்த காலுடையார் இல்லை. எதிரி நன்கு எறிந்து சில புள்ளிகள் பெறக்கூடும். அதற்கு ஐவரும் பொறுப்பு, பயிற்றிய நாமும் பொறுப்பு. வெற்றி தோல்வி எதுவாயினும் ஒருவனை மட்டும் சுட்டும் விரல் இச்சங்கத்தில் இனி எழாதிருக்க வேண்டும் எனக் கேட்டு அமைகிறோம்.