கையூட்டுக்கு நாம் இட்ட பெயர்கள்



பொதுவாழ்வில் நேர்மை என்னும் பொருள் குறித்து உரையாற்றுமாறு என்னைப் பணித்தபோது சற்றே தயங்கினேன். நான் சட்டம் பயின்றவன் அல்லன்; ஆட்சிப் பணியில் இருந்தவனும் அல்லன். வாழ்நாள் முழுவதும் சொற்களோடு பழகியவன். எனினும், ஊழல் பணமாகக் கைம்மாறுவதற்கு முன்பே சொல்லில் தொடங்கிவிடுகிறது என்பது என் துணிபு. அதனை இன்று உங்கள்முன் வைக்க விழைகிறேன்.

ஊழல் என்னும் சொல்லுக்கு அடி ‘ஊழ்’ என்பதாகும். பதனழிதல், கெடுதல் என்பன அதன் பொருள்களுள் சில. அழுகிக் கெட்டதைக் குறித்த சொல்லே பின்னர் ஆட்சியின் சீர்கேட்டைக் குறிக்கலாயிற்று. கையூட்டு என்பதில் ‘ஊட்டு’ என்னும் வினை உள்ளது. குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறோமே, அதே வினைதான். நம் தேசிய மொழியாகிய மலாயிலும் ‘மாக்கான் சுவாப்’ என்பர். ‘சுவாப்’ என்பது கையால் உணவை எடுத்து வாயில் ஊட்டுதல். இனத்தொடர்பு இல்லாத இரு மொழிகள் ஒரே காட்சியைக் கண்டு சொல் அமைத்திருக்கின்றன. ஊட்டப்படும் வாய் உண்மை பேச இயலாது என்பதை இரு மக்களும் உணர்ந்திருந்தனர் போலும். ‘ரசுவா’ என்னும் மலாய்ச் சொல்லோ அரபு மொழியிலிருந்து வந்தது. அதன் மூலத்தைக் கிணற்று நீரை எட்ட உதவும் கயிற்றோடு அரபு அகராதியாளர் தொடர்புபடுத்துவர். எட்டாததை எட்டுவதற்கு விடும் கயிறே கையூட்டு.

இச்சொற்கள் செயலை உள்ளபடி காட்டுகின்றன. ஆயின், கொடுப்பவரும் வாங்குபவரும் இவற்றை ஒருபோதும் பயன்படுத்துவதில்லை. இங்கே ‘கோப்பி காசு’ என்பர். தமிழ்நாட்டில் ‘மாமூல்’ என்பர். மாமூல் என்னும் அரபுச் சொல்லுக்கு வழக்கமானது என்பதே பொருள். குற்றம் வழக்கம் ஆகிவிட்டால் அதனைச் செய்பவருக்குக் கூச்சம் இராது.

இவ்விடத்தில் என் சொந்தப் பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எனக்கு இருபது வயது இருக்கும். தந்தையார் மறைந்த சில வாரங்களில், ஓர் ஆவணத்தின் பொருட்டு அன்னையாரோடு கிள்ளானில் ஓர் அலுவலகத்திற்குச் சென்றிருந்தேன். முற்பகல் முழுதும் காத்திருந்தோம். முகப்பில் இருந்தவர் தாழ்ந்த குரலில், “கோப்பி குடிக்க ஏதாவது கொடுங்கள், தம்பி” என்றார். பத்து வெள்ளி கொடுத்தேன். அரைமணி நேரத்தில் ஆவணம் கைக்கு வந்தது. எனக்கோ ஏதோ சாதித்துவிட்ட மகிழ்ச்சி.

அன்னையார் செலவுகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பவர். அன்று இரவு, “இந்தப் பத்து வெள்ளியை என்னவென்று எழுதட்டும், ஐயா?” என்று கேட்டார். “பேருந்துச் செலவு என்று எழுதுங்கள், அம்மா” என்றேன். அவர் அவ்வாறே எழுதினார். பின்பு, “நமக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாரே தோட்டத்து அம்மா, அவருக்குக் கிடைத்ததா?” என்றார். எனக்குத் தெரியவில்லை. நாங்கள் புறப்பட்டபோதும் அந்த மூதாட்டி அதே இருக்கையில்தான் இருந்தார். பத்து வெள்ளியால் நான் வாங்கியது விரைவை அன்று, அவருடைய முறையை. அதை மறைக்க ஒரு பொய்ச் சொல்லையும் என் தாயின் கையாலேயே எழுத வைத்தேன்.

சிறிய தொகைக்குச் சிறிய சொல் போதும். பெருந்தொகைக்குப் பெருமிதமான சொல் வேண்டும். 2015இல் அந்நாளைய பிரதமர் நஜிப் துன் ரசாக் அவர்களின் சொந்த வங்கிக் கணக்கிற்கு 260 கோடி வெள்ளி வந்த செய்தி வெளியானபோது, நாடு முழுவதும் ஒலித்த சொல் ‘டெர்மா’ என்பதாகும். தமிழில் நன்கொடை. நம் கோயில் சுவர்களிலும் தமிழ்ப்பள்ளிக் கட்டடங்களிலும் ஏழைத் தொழிலாளர் பெயர்களோடு பொறிக்கப்பட்ட தூய சொல் அது. 1எம்டிபி நிறுவனத்தின் துணை நிறுவனமாக இருந்த எஸ்.ஆர்.சி. இண்டர்நேஷனல் தொடர்பான வழக்கில், 4 கோடியே 20 இலட்சம் வெள்ளியும் அரபு நாட்டு நன்கொடை என்றே தாம் நம்பியதாக அவர் வாதிட்டார். கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. 2020 ஜூலை 28 அன்று ஏழு குற்றச்சாட்டுகளிலும் அவரைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்து, 12 ஆண்டுச் சிறையும் 21 கோடி வெள்ளி அபராதமும் விதித்தது. 2022 ஆகஸ்டு 23 அன்று கூட்டரசு நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. பின்னர், 2024இல் மன்னிப்பு வாரியம் சிறைக்காலத்தைப் பாதியாகவும் அபராதத்தை 5 கோடியாகவும் குறைத்தது. தண்டனை குறைந்ததே தவிர, தீர்ப்பு மாறவில்லை.

நம் சட்டம் இச்சொல் மயக்கத்தை முன்கூட்டியே அறிந்து எழுதப்பட்டது என்பது ஒரு மொழியியலாளனாகிய எனக்கு வியப்பளிக்கிறது. 2009ஆம் ஆண்டு மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம், கையூட்டு எவை எவை எனப் பட்டியலிடுகிறது. பணம், நன்கொடை, அன்பளிப்பு, கடன், கட்டணம், வெகுமதி, பதவி, வேலைவாய்ப்பு என அப்பட்டியல் நீள்கிறது. எப்பெயரிட்டு அழைத்தாலும் நோக்கமே அளவுகோல். ‘இத்தொழிலில் இது வழக்கம்’ எனச் சான்று காட்டுவதையும் அச்சட்டம் ஏற்பதில்லை. மாமூல் என்னும் சொல்லுக்கு நீதிமன்றத்தில் இடமில்லை. மேலும், 25ஆம் பிரிவின்படி, கையூட்டு தர ஒருவர் முன்வந்தாலோ ஒருவர் நம்மிடம் கேட்டாலோ அதனை அதிகாரிகளுக்குத் தெரிவிப்பது கடமை. தக்க காரணமின்றி வாளாவிருப்பதும் குற்றமே. அன்று கிள்ளானில் நான் செய்தது போன்றதைப் பேருந்துச் செலவு என்று எழுதிக் கடந்துவிட இச்சட்டம் இடம் தருவதில்லை.

ஆசிரியப் பெருமக்களே, இது நம் வகுப்பறைக்கும் பொருந்தும். மே 16ஆம் நாள் ஆசிரியர் தினத்தன்று ஒரு குழந்தை தன் கையால் வரைந்த வாழ்த்து மடலைத் தருகிறது. அது அன்பு. தேர்வுக்கு முந்திய வாரம் ஒரு பெற்றோர் விலையுயர்ந்த பொருளொன்றை வீட்டிற்கு அனுப்புகிறார். அதற்கும் அன்பளிப்பு என்றே பெயர். இரண்டையும் வேறுபடுத்த மூன்று கேள்விகள் போதும். இதனை எல்லார் முன்னிலையிலும் பெற்றுக்கொள்வேனா? இதற்குப் பற்றுச்சீட்டு எழுதித் தர இயலுமா? நான் இப்பதவியில் இல்லாவிடினும் இது எனக்கு வந்திருக்குமா? இவற்றுள் ஒன்றுக்கேனும் இல்லை என விடை வருமாயின், அப்பொருளுக்கு வேறு பெயர் உண்டு.

மாணவச் செல்வங்களே, ஆணையங்களும் நீதிமன்றங்களும் தம் பணியைச் செய்யட்டும். தமிழ் பயிலும் நமக்கென ஒரு பணி உண்டு. நன்கொடை நன்கொடையாகவும், அன்பளிப்பு அன்பளிப்பாகவும் இருக்கக் காவல் நிற்பதே அது. கையூட்டைக் கையூட்டு என்றே சொல்லுங்கள். வீட்டில் சொல்லுங்கள், சங்கக் கூட்டத்தில் கணக்குக் கேட்கும்போது சொல்லுங்கள், நாளை நீங்கள் ஒரு முகப்பின் பின்னே அமரும்போது உங்களுக்கே சொல்லிக்கொள்ளுங்கள்.

அன்னையாரின் அந்தக் குறிப்பேடு இன்றும் என்னிடம் உள்ளது. அவர் மறைவுக்குப் பின் அவ்வரியை அடித்துவிட்டு, அருகில் சரியான சொல்லை எழுதினேன். அந்த மூதாட்டிக்கு அதனால் பயன் ஒன்றுமில்லை. அவருடைய இருக்கையில் இன்று அமர்ந்திருப்பவருக்கேனும் நம்மால் பயன் விளையட்டும்.