வடித்த எண்ணெய் கூறும் செய்தி



பழைய மோட்டார் வண்டியை விலைபேச வருபவர் முதலிற் பார்ப்பது, ஓடிய தூரம் காட்டும் மீற்றரையே. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய நம் ஊர்களில் இருந்த வண்டிகளே கைமாறிக் கைமாறி ஓடின. இரண்டு இலட்சம் கிலோமீற்றர் கடந்த ஒரு வானை நம்பிக் குடும்பம் நடத்துவோர் பலர். இந்த எஞ்சின் இன்னும் எவ்வளவு காலம் தாங்கும் என்பதே அவர்களது கவலை.

மீற்றர் இதற்கு விடை கூறாது. ஓடிய தூரம் வேறு. தேய்ந்த அளவு வேறு. கொழும்புக்குச் சீராக ஓடிய வண்டியும், சந்தைத் தெருவில் நின்று நின்று ஓடிய வண்டியும் ஒரே எண்ணைக் காட்டலாம். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இன்னும் சிக்கல்: எஞ்சினை உச்ச வேகத்தில் சுழற்றி ஓட்டினார்களா என்பதை மீற்றர் அறியாது. அதனை அறிவது உள்ளே ஓடிய எண்ணெய்.

சிலிண்டர் சுவர் தேய்ந்தால் இரும்பும், பிஸ்டன் தேய்ந்தால் அலுமினியமும், பெயரிங் தேய்ந்தால் ஈயமும் செம்பும் நுண்துகள்களாக எண்ணெயிற் கலக்கின்றன. சோறு பொங்கி உப்புநீர் அடுப்பிற் சிந்தும்போது சுவாலை மஞ்சளாவதைப் பார்த்திருப்பீர்கள். அது உப்பிலுள்ள சோடியத்தின் நிறம். அவ்வாறே எண்ணெயை மின்பொறியில் எரித்தால் ஒவ்வோர் உலோகமும் தனக்குரிய ஒளியை வீசும். அவ்வொளியை அளந்து, பத்து இலட்சத்தில் இத்தனை பங்கு இரும்பு என்று கருவி கூறிவிடுகிறது. அமெரிக்காவின் டென்வர் அன்ட் ரியோ கிராண்ட் வெஸ்டர்ன் ரயில்வே, 1946இல் டீசல் எஞ்சின்களைக் கழற்றாமலே இவ்வழியிற் சோதிக்கத் தொடங்கியது. பின்னர் விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் இது பரவிற்று.

கறுத்த எண்ணெய் கெட்ட எண்ணெய் என்று நம்மவர் கருதுவது சரியன்று. கரியைத் தன்னுள் தாங்கி வைத்திருப்பது எண்ணெயின் கடமை. டீசல் எஞ்சினில் அது விரைவிற் கறுக்கவே செய்யும். நம் கரையோரத்தில் நான் அஞ்சுவது சிலிக்கனுக்கே. அது மணல். கிழிந்த காற்று வடிகட்டியினூடாகப் புழுதி புகுந்தால் சிலிக்கனும் இரும்பும் கூடவே உயரும். சில நூறு ரூபாய்களையோ சில ஆயிரங்களையோ கொடுத்து வடிகட்டியை மாற்றினால் தீரக்கூடிய நோய் அது; அறியாமல் விட்டால் எஞ்சினையே தின்றுவிடும். ஆனால் அண்மையில் மூட்டுகளுக்குச் சிலிக்கோன் பசை பூசியிருந்தாலும் சிலிக்கன் தோன்றும் என்பதால், இரும்பையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். சோடியமும் பொட்டாசியமும் மிகுந்தால், ரேடியேட்டர் நீர் உள்ளே கசிகிறதோ என ஐயுறலாம்.

ஒரு தடவை பெற்ற கணக்கு அதிகம் பேசாது. ஐயாயிரம் கிலோமீற்றர் ஓடிய எண்ணெயில் 20 பங்கு இரும்பு இருந்து, அடுத்த முறை அதே தூரத்திற்கு 60 ஆனால், அதுவே செய்தி. விற்பவர் நேற்று எண்ணெய் மாற்றியிருந்தால் சோதனை வெறுமையே. எனவே, இந்த எண்ணெய் எவ்வளவு தூரம் ஓடியது என்று முதலிற் கேளுங்கள். எஞ்சின் சூடாயிருக்கும்போது, முதலில் வழிவதையும் கடைசியில் வடிவதையும் விடுத்து, நடுவே ஒழுகுவதைச் சுத்தமான போத்தலிற் பிடிக்க வேண்டும்.

ஆய்வுகூடம் எட்டாதவர் பாடசாலையிற் பயன்படும் வடிதாளில் சூடான எண்ணெய் ஒரு துளி விட்டுச் சில மணி நேரம் பொறுக்கலாம். சாம்பல் நிறம் சீராகப் பரந்தால் எண்ணெய் இன்னும் கரியைத் தாங்குகிறது. நடுவில் கரும்பொட்டு கூரிய விளிம்புடன் நின்றுவிட்டால், அது வலுவிழந்துவிட்டது. உலோகத்தின் கணக்கை இத்தாள் தராது.

கருவிக்கும் ஒரு குறை உண்டு. மில்லிமீற்றரின் நூற்றிலொரு பங்கைத் தாண்டிய துகள்களை அது பெரும்பாலும் காணாது; உடைந்து சிதறும் பெயரிங் அதன் கண்ணுக்குத் தப்பலாம். ஆதலால் கழற்றிய எண்ணெய் வடிகட்டியை எறியுமுன் வெட்டித் திறந்து, மடிப்புகளை வெயிலில் விரித்துப் பாருங்கள். மினுங்கும் துணுக்கு காந்தத்தில் ஒட்டினால் அது இரும்பு. ஒட்டாவிடின் அலுமினியமாகவோ பெயரிங்கின் உலோகமாகவோ இருக்கலாம்.