அறுபத்தாறு வயதில் கன்னட அரிச்சுவடி
(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

வங்கியில் முப்பத்தைந்து வருஷம் கணக்கு எழுதியவன் மொழியைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று நினைக்காதீர்கள். காரணம் ஒரு கடிதம்.

என் மகன் குடும்பம் பெங்களூரில் இருக்கிறது. பேத்தி இரண்டாம் வகுப்பு. வீட்டில் தமிழ் பேசுவாள், ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்தது ஆங்கிலமும் பள்ளியில் கற்ற கன்னடமும்தான். போன வருஷம் என் பிறந்த நாளுக்கு ஒரு அட்டை அனுப்பினாள். ஒரே ஒரு வரி, அதுவும் கன்னடத்தில். மகனிடம் கேட்டிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பான். கேட்க மனம் வரவில்லை. அரிச்சுவடி வாங்கி உட்கார்ந்துவிட்டேன்.

இந்தக் குடியிருப்பில் பாதி வீடுகளின் பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள். அதனால் நான் கற்றதைச் சொல்கிறேன்.

கன்னடத்தில் 49 எழுத்துகள். உயிர் 13, மெய் 34, இரண்டிலும் சேராதவை 2. நமக்கு ஒரே 'ப' போதும். பாரதி என்று எழுதினாலும் பஸ் என்று எழுதினாலும் அதே 'ப'தான். அவர்களுக்கு அந்த இடத்தில் நான்கு எழுத்து. பாடத்துக்கு ஒன்று, பஸ்ஸுக்கு ஒன்று, பாரதிக்கு வேறொன்று! எழுத்தின் தலையில் ஒரு சிறு கொக்கி இருக்கும், அதற்குத் தலகட்டு என்று பெயர். புள்ளி வைத்து மெய்யை நிறுத்தும் நம் வழக்கம் அங்கே இல்லை. தாத்தா என்று எழுத, முதலில் 'தா', அடுத்த 'தா'வின் காலடியில் இன்னொரு குட்டி 'த' தொங்கும். இதை ஒத்தக்ஷரம் என்கிறார்கள். எனக்கு வ, ம, ப மூன்றும் ஒரே ஜாடையில் தெரிந்தன. இன்றைக்கும் சில நாள் தடுமாறுகிறேன். நம் ஏனாமில் தெலுங்குப் பலகை பார்த்தவர்களுக்கு உருவம் புதிதாக இருக்காது. இரண்டும் ஒரே பழைய எழுத்திலிருந்து பிரிந்தவை.

எழுத்தை விடச் சுவையானது சொல். நம் பால் அங்கே ஹாலு. புலி ஹுலி, பத்து ஹத்து, பல் ஹல்லு. ஊர்ப் பெயரில் வரும் பள்ளிதான் ஹள்ளி. மாரத்தஹள்ளியில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு இது தெரியுமோ என்னவோ. பழங்கன்னடத்தில் அவர்களுக்கும் 'ப'தான். பின்னால்தான் 'ஹ' ஆயிற்று. சில சொற்களில் நம் 'செ' அங்கே 'கெ', 'கி' ஆகும். செவி என்பது கிவி, சேரி என்பது கேரி. புது என்பது ஹொஸ. நம் ஒசூர் ஹொஸ ஊர், அதாவது புத்தூர். அந்தக் கணக்கில் புதுச்சேரியை ஹொஸகேரி என்று சொல்ல வேண்டும்! இதைக் கண்டுபிடித்த அன்று மனைவியை எழுப்பிச் சொன்னேன். திட்டு கிடைத்தது.

பழமையிலும் இளைத்த மொழி இல்லை. ஹாசன் மாவட்டத்து ஹல்மிடிக் கல்வெட்டை 5ஆம் நூற்றாண்டு என்று கணிக்கிறார்கள். 9ஆம் நூற்றாண்டில், ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில், கவிராஜமார்க்கம் என்ற நூல் எழுந்தது. 2008இல் செம்மொழி ஆனது. நமக்கு அது 2004இல் கிடைத்தது. இன்னொன்று கேளுங்கள்: 1983இல் கன்னடத்துக்காக ஞானபீடப் பரிசு பெற்ற மாஸ்தி வெங்கடேச ஐயங்காரின் வீட்டு மொழி தமிழ்.

கடிதத்துக்கு வருகிறேன். நாற்பது நாள் கழித்து, எழுத்துக் கூட்டிப் படித்தேன். "தாத்தா, யாவாக பர்தீரா?" படித்துவிட்டேன், பொருள்தான் புரியவில்லை. பர்தீரா என்ன? அப்புறம்தான் பிடிபட்டது. சொல்லின் தொடக்கத்தில் வரும் நம் 'வ' அங்கே பஸ்ஸில் வரும் 'ப' ஆகிவிடும். வில் பில்லு, வேர் பேரு, வா என்பது பா. எப்போது வருவீர்கள் என்று கேட்டிருக்கிறாள் குழந்தை. நாற்பது நாளாக அந்தக் கேள்வி என் மேஜை மேல் பதிலில்லாமல் கிடந்திருக்கிறது.

ஒரு அஞ்சலட்டையில் "பர்தீனி" என்று கன்னடத்தில் எழுதிப் போட்டுவிட்டு, மறுவாரமே பஸ் ஏறினேன். 'ப' போடும் இடத்தில் 'வ' போட்டிருந்தேனாம், சிவப்பு மையால் திருத்தி வைத்திருந்தாள். அங்கேயே ஒப்பந்தம் செய்துகொண்டோம். வாரம் ஒரு கடிதம், நான் கன்னடத்தில், அவள் தமிழில். இப்போது 'ஔ' வரை வந்திருக்கிறாள். 'ழ' மட்டும் வேண்டாம் தாத்தா என்கிறாள். பழங்கன்னடத்தில் உங்களுக்கும் அது இருந்ததடி என்று எழுதியிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.