35 என்ற எண்

(நமது அறக்கட்டளை நடத்திய வேலைவாய்ப்பு வழிகாட்டி நிகழ்ச்சியில், வளைகுடா விமான நிலையம் ஒன்றில் பணியாற்றித் திரும்பிய சகோதரர் ஆற்றிய உரை)

 

நம் ஊரில் விமானம் ஏறாத வீடு இல்லை. நீங்கள் இறங்கிய பிறகு அதற்குள் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்தவர்கள்தான் குறைவு. நான் 19 வருடம் அதைத்தான் பார்த்தேன். கேபின் கிளீனிங். கடைசி 6 வருடம் சூப்பர்வைசர். ஊருக்கு வந்தால், "ஏர்போர்ட்டில் வேலை" என்று மட்டும் சொல்வேன். அதற்கு மேல் யாரும் கேட்காவிட்டால் நிம்மதி. இன்று மேடையிலேயே சொல்லிவிட்டேன்.

விமானப் பணிப்பெண் பயிற்சிக்குப் போக விரும்பும் பிள்ளைகள் இங்கே இருப்பதாகச் சொன்னார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பேச்சு.

கடைசிப் பயணி இறங்குவதற்கு முன்பே நாங்கள் படிக்கட்டில் நிற்போம். பெரிய விமானம் என்றால் 300 இருக்கைக்கு மேல். குப்பை எடுக்க வேண்டும், தட்டு மேசை துடைக்க வேண்டும், போர்வை மாற்ற வேண்டும், கழிப்பறை கழுவ வேண்டும், பெல்ட்டை மடித்து வைக்க வேண்டும். ஒவ்வொரு இருக்கையின் பையிலும் கைவிட்டுப் பார்க்க வேண்டும். கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

விமானம் தாமதமானால் அதற்குக் காரணம் எழுத உலகம் முழுக்க ஒரே மாதிரி எண்கள் உண்டு. 35 என்றால் விமானத்தைச் சுத்தம் செய்ததில் தாமதம். வீல்சேர் பயணிகளை இறக்க நேரமாகி, நாங்கள் உள்ளே நுழைந்ததே தாமதம் என்றாலும், சில நாள் தாளில் 35 என்றுதான் இருக்கும். எங்கள் பக்கம் பேச அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். அடுத்த நாள் ஆபீசில் திட்டு, சில சமயம் சம்பளத்தில் பிடித்தம்.

ஒருநாள் என் குழுவில் இருந்த நேபாளத்துப் பையன் கையை பேண்ட் பாக்கெட்டுக்குள் வைத்தபடியே ஒற்றைக் கையால் வேலை செய்துகொண்டிருந்தான். அதட்டிக் கேட்டதும் கையை எடுத்தான். விரலில் ரத்தம். இருக்கைப் பையில் யாரோ இன்சுலின் ஊசியை மூடி இல்லாமல் செருகிவிட்டுப் போயிருக்கிறார். "சொன்னால் பிளைட் நின்றுவிடும், 35 போட்டுவிடுவார்கள் பாய்" என்றான். வேலை போய்விடும் என்ற பயத்தில், விரலைக் கழுவக்கூட ஓடாமல் நின்றிருக்கிறான்.

(நம் வீடுகளில் இன்சுலின் போடாதவர்கள் எத்தனை பேர்? உம்ராவுக்குப் போகும்போது, ஊசியைப் போடத் தனி டப்பா இருக்கிறதா என்று பணிப்பெண்ணிடம் கேளுங்கள். பல விமானங்களில் உண்டு.)

அந்த விமானத்தின் பர்சர், அதாவது பணிப்பெண்களுக்குத் தலைவி, பிலிப்பைன்ஸ் நாட்டு அம்மா ஒருவர். விஷயம் தெரிந்ததும் முதலுதவிப் பெட்டியோடு வந்து பையனின் கையைத் தானே கழுவிவிட்டார். பிறகு அவரே ஆபீசருக்குப் போன் செய்து, "இது 35 இல்லை, என் கேபினில் கிடந்த ஊசி" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை அதுவரை எந்தப் பர்சர் வாயிலும் நான் கேட்டதில்லை.

அன்று முதல் அவர் வரும் விமானங்களில் ஒரு வழக்கம் வந்தது. கதவு திறந்ததும் சொல்லிவிடுவார்: 23சி இருக்கையில் குழந்தை வாந்தி, 31ஆம் வரிசையில் கண்ணாடி உடைந்தது, பின்பக்கக் கழிப்பறை அடைப்பு. அரை நிமிடப் பேச்சுதான். அதனால் எங்களுக்குப் பத்து நிமிடம் மிச்சம், விரலும் மிச்சம். எங்கள் ஆட்களும் மாறினார்கள். இருக்கைக்கு அடியில் கழன்று கிடக்கும் லைஃப் ஜாக்கெட், உடைந்த பெல்ட் என்று எதைக் கண்டாலும் அவரிடம் ஓடிப்போய்ச் சொன்னார்கள். மற்ற விமானங்களில் பார்த்தும் பாராமல் வந்தவர்கள்தான் அவர்கள்.

சுத்தம் செய்பவர் வேலையில் என்ன பெரிய ஆபத்து என்று நினைக்காதீர்கள். 1996 அக்டோபர் 2ஆம் தேதி, பெரு நாட்டின் லிமாவிலிருந்து கிளம்பிய ஏரோபெரு 603 விமானம் கடலில் விழுந்து 70 பேரும் இறந்தார்கள். விமானத்தின் வெளிப்புறத்தைக் கழுவும்போது, காற்றழுத்தம் அளக்கும் சிறு துளைகளின் மேல் டேப் ஒட்டியிருந்தார்கள். அதை எடுக்க மறந்துவிட்டார்கள். மேற்பார்வையாளரும் கவனிக்கவில்லை, கிளம்பும் முன் சுற்றிப் பார்த்த விமானியின் கண்ணிலும் படவில்லை. உயரமும் வேகமும் தப்பாகக் காட்டின. வழக்கில் தண்டனை பெற்றவர் அந்த டேப்பை எடுக்காமல் விட்ட தொழிலாளி. மற்ற கண்களும் அதே இடத்தைத்தான் கடந்து போயின.

நேபாளப் பையனுக்கு மாதக்கணக்கில் ரத்தப் பரிசோதனை நடந்தது. வீட்டுக்குப் போனில்கூடச் சொல்லவில்லை. அந்த அம்மா எங்கள் ஊருக்கு வரும்போதெல்லாம் படிக்கட்டில் இறங்கி வந்து, அவன் பெயரைச் சொல்லி விசாரிப்பார். கடைசி ரிப்போர்ட் நல்லபடியாக வந்த அன்று அவர் டியூட்டியில் இல்லை. அவர் அடுத்து எந்த விமானத்தில் வருகிறார் என்று என்னிடம் கேட்டுக்கொண்டு, தன் ஓய்வு நாளிலும் அந்தப் பையன் வந்து படிக்கட்டுக்குக் கீழே காத்திருந்தான்.