அந்தத் தொண்ணூற்றொன்பது ஆடுகள்



மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுவன் கேட்டான்: "ஃபாதர், வேற்றுக் கிரகத்துல ஆளுங்க இருந்தா, அவங்களுக்காகவும் இயேசு செத்தாரா?" மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். நமக்கோ உடனே பதில் வரவில்லை.

அது விளையாட்டுக் கேள்வி அல்ல. 1995ஆம் ஆண்டு மிஷேல் மேயர், திதியே கெலோ என்னும் இரு சுவிட்சர்லாந்து அறிவியலாளர்கள், நம் சூரியனைப் போன்ற ஒரு விண்மீனைச் சுற்றிவரும் கோளைக் கண்டுபிடித்தார்கள். அந்த விண்மீனின் ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 50 ஆண்டுகள் ஆகும். கோளை அவர்கள் நேரில் பார்க்கவில்லை. அதன் இழுப்பால் விண்மீன் சற்றே அசைவதை ஒளியில் கண்டுகொண்டார்கள். கடும் வெப்பமான அந்தக் கோளில் உயிர் வாழ வழியில்லை. ஆனால் இன்று, நம் சூரியக் குடும்பத்துக்கு வெளியே அறியப்பட்ட கோள்கள் 5,000ஐத் தாண்டிவிட்டன. எங்கும் உயிர் இருப்பதாகச் சான்று இதுவரை இல்லை. நாளை கிடைத்தால்? நம் விசுவாசம் ஆட்டம் கண்டுவிடுமா?

திருச்சபைக்கு இது பழகிய கேள்விதான். உலகம் ஒன்றே என்று அரிஸ்டாட்டில் வழி நின்றோர் கற்பித்த காலத்தில், 1277இல், பல உலகங்களைப் படைக்க இறைவனால் இயலாது என்ற கருத்தைப் பாரிஸ் ஆயர் எத்தியேன் தெம்பியே கண்டித்தார். விண்மீன்களிலும் குடிகள் இருக்கலாம் என்று 1440இல் எழுதிய கூசா நகர் நிக்கோலாஸ் பின்னர் கர்தினால் ஆனார். 1600இல் ஜோர்தானோ புருனோ உரோமையில் எரிக்கப்பட்டதையும் நாம் மறைக்கக் கூடாது. பல உலகங்கள் பற்றிப் பேசிய அவர்மீது வேறு குற்றச்சாட்டுகளும் இருந்தன. ஆனாலும் அந்தத் தீ நமக்கு வெட்கமே.

சிறுவனின் கேள்விக்கு வருவோம். வத்திக்கான் வானாய்வு மையத்தின் இயக்குநராயிருந்த இயேசு சபைக் குரு ஹோசே கபிரியேல் ஃபூனெஸ், 2008இல் வத்திக்கான் நாளிதழுக்கு அளித்த பேட்டியில் காணாமற்போன ஆட்டின் உவமையை நினைவூட்டினார். இந்தப் பேரண்டத்தில் வழிதவறிய அந்த ஒரே ஆடு மனிதகுலமாக இருக்கலாம் என்றார்.

இந்த உவமையை எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! தவறிய ஆடு என்றால் பூசைக்கு வராத பக்கத்து வீட்டுக்காரர். நாம் பத்திரமாகப் பட்டியில் இருப்பவர்கள். இறைமகன் இந்தப் பூமியில் மனிதரானதையும் நம் மேன்மைக்குச் சான்றாகவே வைத்துக்கொண்டோம். அந்தக் குருவின் எண்ணப்படி பார்த்தால், அவர் இங்கே தேடி வந்தது நாம் தொலைந்துபோனதால். மற்றவர்களை அவர் எப்படி நடத்துகிறார் என்பது நமக்கு வெளிப்படுத்தப்படவில்லை. அனைத்தும் கிறிஸ்து வழியாகவே படைக்கப்பட்டன என்று கொலோசையருக்கு எழுதிய பவுலடியார், அந்த 'அனைத்துக்கும்' எல்லை எதுவும் வரையவில்லை.

2014 மே மாதம், காலைத் திருப்பலி மறையுரையில் திருத்தந்தை பிரான்சிஸ் வேடிக்கையாக ஒன்று கேட்டார். பச்சை நிறமும் நீண்ட மூக்கும் பெரிய காதுகளுமாகச் செவ்வாய்க் கிரகத்தார் சிலர் வந்திறங்கி, அவர்களில் ஒருவர் திருமுழுக்குக் கேட்டால் என்ன செய்வோம்? அன்றைய வாசகம், பேதுரு பிற இனத்தாரின் வீட்டுக்குப் போய் உணவருந்தியதை எருசலேம் கிறிஸ்தவர்கள் குறைசொன்ன பகுதி. கொர்னேலியு வேற்றுக் கிரகத்தவர் அல்லர். யோப்பாவிலிருந்து நடந்தே போகும் தூரத்தில், செசரியாவில் வாழ்ந்தவர். அந்த வாசலைத் தாண்டப் பேதுருவுக்கு ஒரே காட்சி மூன்று முறை தேவைப்பட்டது. நம்மிடையேயும் சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் பங்குகள் உண்டு.

அடுத்த ஞாயிறு அந்தச் சிறுவனிடம் இவ்வளவும் சொல்லவில்லை. இயேசு அவர்களையும் அறிவார், அன்பு செய்கிறார். வந்தால் நாம் வரவேற்போம் என்று மட்டும் சொன்னோம். கோவிலில் அவர்களை எங்கே உட்கார வைப்பீர்கள் என்று கேட்டான்.